நான் தொலைத்த சீட்டும் கன்னியப்பனின் ஒரு ஏக்கரும்

போன வாரம் உங்களில் ஒருவர் எனக்கு போன் செய்து கேட்டார். "மேடம், ஃபைலுக்குள்ள எதையும் மாத்தாம, பேரையும் மாத்தாம, அதைப் பத்தி ஒரு குறிப்பை அந்த ஃபைல் கூடவே வைக்கலாமாமே? அதுக்குன்னே ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல சிஸ்டம் கால்னு ஒரு கட்டளை இருக்காமே? யூஸ் பண்ணலாமா?"

நான் சிரித்துவிட்டேன். பாவம், எதையோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று அவர் பயந்துபோனார். தப்பெல்லாம் ஒன்றும் இல்லை. தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வராது. அதே வசதியை வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் ஒரு ஏக்கர் நிலத்தைக் கிட்டத்தட்டத் தொலைத்தவள் நான். வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள், எல்லோருக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எல்லோரும் எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. கூடப் படித்தவர்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் போனார்கள். கொஞ்சம் துணிந்தவர்கள் அமெரிக்கா போனார்கள். நான் நகரியிலிருந்து திருப்பதி வரைக்கும்தான் வந்தேன். எங்கள் வீட்டில் நாலு பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்தில் பேசிப் பேசி எனக்குக் குரல் பெரிதாகிவிட்டது. சாதாரணமாகப் பேசினாலே திட்டுகிறேன் என்று ஆபீஸில் நினைப்பார்கள். பாதி நேரம் அது உண்மையும்கூட.

ஆபீஸ் ஒரு பாத்திரக்கடை மாடியில் இருந்தது. பத்துப் பேர், ஏழு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் கம்பெனி. மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமங்களில் நிலத்துக்காக வந்த மனுக்களை ஸ்கேன் செய்து, விவரங்களைப் பதிந்து, சித்தூரில் இருந்த அதிகாரியிடம் ஒரு பட்டியலாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பட்டியலை வைத்து அவர்கள் நிலத்துக்கான பட்டா பாஸ்புக் கொடுப்பார்கள். ஒரே நிலத்துக்கு இரண்டு பேர் மனு கொடுத்திருந்தால், எல்லாக் கட்டங்களும் நிரம்பிய மனுவை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எங்களுக்குக் கொடுத்த விதி. நேரில் போய் விசாரித்த குறிப்பு இருந்தால் மட்டும் அந்தக் குறிப்புப்படி போகலாம்.

கேட்பதற்கு நியாயமான விதிதான். ஆனால் அந்த மனுவில் முதல் கட்டமே வீட்டுப் பெயர். தெலுங்குக்காரர்களுக்கு எல்லாம் வீட்டுப் பெயர் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடுவார்கள். எங்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு ஏது அது? அப்பா பேரின் முதல் எழுத்துதான் உண்டு. ஆகவே எல்லைக் கிராமத்துத் தமிழர்களின் மனுக்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. எங்கள் புரோகிராமுக்கு அவை எல்லாமே குறைபாடுள்ள மனுக்கள்.

அதற்காகத்தான் தேசம்மாளை வேலைக்கு எடுத்தோம். நகரிக்குப் பக்கத்தில் ஒரு எல்லைக் கிராமத்துக்காரி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய வீட்டிலும் ஒரு தலைமுறைக்கு முன்னால் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. பேப்பரில் பெயர் இருப்பதற்கும் இல்லாததற்கும் என்ன வித்தியாசம் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கட்டம் காலியாக இருந்த முந்நூற்றுச் சொச்சம் மனுக்களையும் எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். யார் உழுகிறார், அப்பா பேர் என்ன என்று அக்கம்பக்கத்தில் கேட்டு வந்து, மறுநாள் காலையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லுவாள்.

அப்படி வந்ததில் ஒன்று கன்னியப்பனுடையது. அவருடைய அப்பாவுக்கு என்றைக்கோ அரசாங்கம் கொடுத்த ஒரு ஏக்கர். வேர்க்கடலை போடுவார், மழை நன்றாக இருந்தால் கேழ்வரகும் உண்டு. மற்ற மாதங்களில் கூலி வேலை. அதே ஏக்கருக்கு ஒரு ரைஸ்மில்காரரும் மனு கொடுத்திருந்தார். வீட்டுப் பெயரில் ஆரம்பித்து எல்லாக் கட்டமும் அழகாக டைப் அடித்து நிரப்பிய மனு.

"மில்லுக்காரு அந்தப் பக்கம் காரு நிறுத்திக்கூடப் பாத்தது இல்லியாம்," என்றாள் தேசம்மாள். "கன்னியப்பன்தான் உய்துக்கினு கீறாரு. பக்கத்துக் கெணத்துக்காரம்மா சத்தியம் பண்ணிச்சி. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். எங்கே எழுதினேன் என்பதுதான் விஷயம்.

ஸ்கேன் செய்த ஃபைல்களில் ஒரு பைட்கூட மாறக்கூடாது, பெயரும் மாறக்கூடாது என்பது நிபந்தனை. ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்குப் போட்டு எடுத்த சரிபார்ப்பு எண் அச்சாகி, அதில் கையெழுத்தும் ஆகிவிட்டது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். லினக்ஸில் ஃபைலோடு கூடுதல் குறிப்பு வைக்கும் வசதி அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. கவருக்குள் இருக்கும் கடிதத்தைத் தொடாமல் கவர்மேல் ஒரு சீட்டு ஒட்டுகிற மாதிரி. ஃபைலின் உள்ளடக்கம் மாறாது, கடைசியாகத் திருத்திய தேதிகூட மாறாது. ஒரே ஒரு சிஸ்டம் கால்: ஃபைலின் பெயர், குறிப்பின் பெயர், குறிப்பு. முடிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். பெங்களூர் போனவர்களுக்குக்கூட இது தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திமிரை மறைக்கவில்லை, பாத்திரக்கடை பையன்கள் வரைக்கும் என் பெருமையைக் கேட்டிருப்பார்கள்.

'வீட்டுப் பெயர் வழக்கமில்லை. உழுபவர் இவரே. எதிர் மனுவை நிறுத்தி வைக்கவும்.' கன்னியப்பனின் சீட்டு இதுதான்.

எல்லா மனுக்களும் முடிந்து, திங்கட்கிழமை சித்தூரில் பட்டியல் கொடுக்க வேண்டும் என்று இருந்த வாரத்தில், ஃபைல்கள் இருந்த மெஷின் கரகரவென்று சத்தம் போட ஆரம்பித்தது. வாடகை மெஷின். முதலாளி புது மெஷின் வாங்கினார். நான் புதன்கிழமை எல்லா ஃபைல்களையும் அதற்கு மாற்றினேன். மாற்றிவிட்டுச் சும்மா விடவில்லை, நான் கெட்டிக்காரி அல்லவா? ஒவ்வொரு ஃபைலின் சரிபார்ப்பு எண்ணையும் அச்சான எண்ணோடு ஒப்பிட்டேன். ஒன்றுகூடப் பிசகவில்லை. எல்லாம் இருக்கிறது என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, பழைய டிஸ்கைச் சுத்தமாகத் துடைத்து, வாடகைக் கடைக்காரர் வந்ததும் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் பட்டியல் எடுத்தேன். விசாரணைக் குறிப்பு என்ற பத்தி முழுக்கக் காலி. முதல் பக்கம் காலி, இரண்டாம் பக்கம் காலி.

உங்களுக்குப் புரிந்திருக்கும். நான் எப்போதும் பயன்படுத்தும் காப்பி கட்டளை கடிதத்தை மட்டும் கொண்டுபோனது. சீட்டையும் சேர்த்துக் கொண்டுவா என்று தனியாகச் சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லை. நான் ஒப்பிட்ட எண்ணும் கடிதத்துக்கான எண்தான். சீட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த எண் ஒன்றேதான் வரும். நான் எதைச் சரிபார்த்தேனோ அது பத்திரமாக இருந்தது. எதைத் தொலைத்தேனோ அதை நான் சரிபார்க்கவே இல்லை.

கன்னியப்பனின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். புரோகிராம் விதிப்படி ஒழுங்காக வேலை செய்திருந்தது. அந்த ஒரு ஏக்கருக்கு நேராக ரைஸ்மில்காரரின் பெயர்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். தெலுங்குக்காரர், நல்ல மனிதர், ஆனால் கடன் வாங்கி நடத்தும் கம்பெனி. ஐந்து நிமிஷம் கத்தினார். அப்புறம் கதவைச் சாத்திவிட்டுக் குரலை இறக்கினார்.

"இதுக்கு ஏம்மா இவ்ளோ டென்ஷன்? ஒரு லைன் கமாண்டு கதா, அவ்ளோதானே? முந்நூறு ஃபைலுக்கும் 'விசாரிச்சாச்சு, சரி'ன்னு போட்டுடு. விசாரிச்சது நிஜம்தானே?"

"வெறும் சரின்னு போட்டா உழுறவர் கன்னியப்பன்தான், மில்லுக்காரர் மனுவை நிறுத்தணும்னு அதுல இருக்காது சார். அப்ப மறுபடி கட்டம் நிரம்பின மனுதான் ஜெயிக்கும்."

"அந்த மாதிரி எத்தனை இருக்கும்? நாலா? அஞ்சா? அதை அவங்க பாத்துக்குவாங்க. திங்கக்கிழமை லிஸ்ட் போகலேன்னா நம்ம காண்ட்ராக்ட் போயிடும். பத்துப் பேர் சாப்பாடு."

பத்துப் பேரில் நானும் ஒருத்தி. அதனால் அவரை வில்லனாக நினைக்காதீர்கள். நானே என் இடத்துக்கு வந்து அந்த ஒரு வரியை அடித்தேன். அடித்து முடித்து, எண்டர் மட்டும் தட்டவில்லை. தட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். எந்த ஃபைலின் திருத்திய தேதியும் மாறியிருக்காது. எந்தச் சரிபார்ப்பு எண்ணும் மாறியிருக்காது. ஆழமாகத் தோண்டத் தெரிந்த ஒருவர் வந்து தோண்டினால்தான் தெரியும், அப்படி ஒருவர் எங்கள் மாவட்டத்தில் நான் மட்டும்தான். நான் செய்தால் பிடிக்கக்கூடிய ஒரே ஆள் நானே என்கிற நிலைமை உங்களுக்கும் இந்தத் தொழிலில் வரும். அப்போது ரொம்ப அமைதியாக இருக்கும், பயமாகவே இருக்காது. அதுதான் ஆபத்து.

தேசம்மாள் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தவள் என் பின்னால் நின்றாள். "இன்னா, பேயறைஞ்ச மாதிரி கீறே? துன்னியா இல்லியா?"

சொன்னேன். சீட்டெல்லாம் போய்விட்டது, முதலாளி இப்படிச் செய்யச் சொல்கிறார் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ நான் வெயில்ல நடந்ததெல்லாம் பூட்ச்சா?"

"போயிடுச்சுக்கா."

"உங்கிட்ட சொன்னா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்." திரையில் நான் அடித்திருந்த வரியைக் காட்டினாள். "சரி, நீ அந்த பட்டன அமுக்கு, அமுக்காத, உன் இஷ்டம். ஆனா கன்னியப்பனாண்ட நீ போய் சொல்லு. நான் போவ மாட்டேன். எம் மூஞ்சப் பாத்து நம்பி சொன்ன ஜனம் அது."

நான் மனசுக்குள் கன்னியப்பனிடம் அதைச் சொல்லிப் பார்த்தேன். ஐயா, உங்கள் நிலம் மில்காரருக்குப் போய்விட்டது, ஏனென்றால் எங்களுக்குத் திங்கட்கிழமை அவசரம். எப்படி மாற்றிப் போட்டுச் சொன்னாலும் அது சொல்லக்கூடிய வாக்கியமாக வரவில்லை. அடித்த வரியை அழித்தேன். இன்றைக்கும் ஒரு காரியம் செய்யலாமா வேண்டாமா என்று குழம்பினால் நான் இதைத்தான் செய்கிறேன். பாதிக்கப்படப் போகிறவர் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல வருமா என்று சொல்லிப் பார்ப்பேன்.

முதலாளியிடம் மறுபடி போய், "சார், நான் சித்தூர் போய் உண்மையைச் சொல்லப் போறேன். என்னை வேலையை விட்டு எடுக்கறதா இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க," என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் கார் சாவியை மேஜைமேல் வைத்தார். "பஸ்ல போனா ஆபீஸ் மூடிடுவாங்க. டிரைவரைக் கூட்டிட்டுப் போ," என்றார். சொன்னேனே, நல்ல மனிதர் என்று.

சித்தூர் அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பழுது, மின்சாரம் போய்விட்டது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"தப்பு எவரிதி?" என்றார். யாருடைய தப்பு என்று கேட்கிறார்.

"நாதே சார்." என்னுடையதுதான்.

அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டார் என்றே நினைக்கிறேன். அந்த அறையில் அந்தப் பதிலை அவர் அடிக்கடி கேட்டிருக்க மாட்டார். ஒரு வாரம் தருகிறேன் என்றார். ஆனால் போன குறிப்பை ஞாபகத்திலிருந்து எழுதக்கூடாது, ஒவ்வொரு மனுவுக்கும் உழுபவரின் கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் சாட்சி வேண்டும் என்றார். எங்களுக்குத் தண்டனை மாதிரி இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான்.

ஆபீஸ் முழுக்கக் கிராமங்களுக்குக் கிளம்பியது. கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தொடாதவர்கள் எல்லாம் வரப்பில் வழுக்கி விழுந்து எழுந்தார்கள். முதலாளியும் வந்தார், அவர்தான் அதிகமாக விழுந்தார். மூன்றாம் நாள் கன்னியப்பன் வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது. நாயுடுபேட்டையில் ரோடு வேலைக்குப் போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார் என்றார்கள். பெரிய ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள், எல்லைக் கிராமத்து ஆட்களில் பாதிப் பேர் அங்கேதான்.

தேசம்மாளும் நானும் பஸ் பிடித்துப் போனோம். ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது இருக்கும். நான் சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எத்தினி நாளு கூலி போவும்?"

"ரெண்டு நாளு."

"தப்பு யாருது?"

"என்னுதுதாங்க."

"உன் தப்புக்கு நான் ஏம்மா வரணும்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. "வரலேன்னா அந்த ஏக்கரு மில்லுக்காரர் பேருக்குப் பூடும்," என்றாள் தேசம்மாள். அவர் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மேஸ்திரியிடம் போய் ஏதோ பேசினார். திரும்பி வந்து, "நடங்க," என்றார்.

பஸ் காளஹஸ்தியைத் தாண்டியது. அப்புறம் முன் சீட்டிலிருந்து திரும்பிக் கேட்டார்.

"ஏம்மா, மொதல்ல எழுதினேன்னு சொன்னியே, அத்த எங்க எழுதி வச்சிருந்தே?"

"உங்க மனு ஃபைல் கூடவேதாங்க. ஆனா திறந்து பாத்தாத் தெரியாது. தனியா கேட்டாத்தான் காட்டும்."

"கண்ணுக்குத் தெரியாத மாதிரி எதுக்கு எழுதுற?"

தேசம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். நல்லா கேட்டாருய்யா என்று எனக்கும் தோன்றியது.

ஊரில் சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் தயங்கினார்கள். மில்காரரிடம் கடலை விற்கிறவர்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது. கிணற்றுக்காரம்மாதான், "இத்தினி நாளா என் கெணத்துத் தண்ணிய யாரு இறைச்சாங்கோ, மில்லா?" என்று கேட்டுக்கொண்டே வந்து கைநாட்டு வைத்தாள். அந்த ஒரு வாரம் முடிவதற்குள் முந்நூற்றுச் சொச்சத்துக்கும் கையெழுத்தோடு பட்டியல் கொடுத்தோம். காண்ட்ராக்ட் போகவில்லை. கன்னியப்பன் பேருக்குப் பாஸ்புக் வந்தது. அந்தச் செய்தியைத் தேசம்மாள் சொன்ன அன்றைக்கு நான் அனுபவித்த நிம்மதியை, அதற்கப்புறம் எத்தனையோ பெரிய புராஜெக்ட் முடித்தும் அனுபவித்ததில்லை.

அதற்குப் பிறகும் நான் சீட்டு ஒட்டுவதை விடவில்லை. நல்ல வசதி, அதன்மேல் என்ன தப்பு? ஆனால் காப்பி எடுக்கும்போது சீட்டையும் சேர்த்து எடுப்பேன், எடுத்தபின் சீட்டுகளைத் தனியாக ஒப்பிடுவேன், அதே விவரத்தைச் சாதாரணமாகத் திறந்து படிக்கும் ஒரு பட்டியலிலும் வைப்பேன். இதை நீங்கள் இரண்டு நாளில் கற்றுக்கொள்வீர்கள். கற்றுக்கொள்ள எனக்கு நாளான பாடம் வேறு.

பாஸ்புக் கையில் வந்தபிறகும் கன்னியப்பன் எங்களை நம்பவில்லை. திருப்பதிப் பக்கம் வந்தால் மாடி ஏறி வந்துவிடுவார். "எம் பேரு கீதா?" என்பார், இருக்கிறதா என்று. நான் அவருடைய ஃபைலைத் தேடி, சீட்டைத் திரையில் வரவைத்து, வாசித்துக் காட்டுவேன். அவருக்கு எழுத்து தெரியாது. திரையைப் பார்க்கமாட்டார், வாசிக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். முடித்ததும் "சர்தான்" என்று இறங்கிப் போய்விடுவார். முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. போகப்போக அவர் வரவில்லையென்றால் தேடுகிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஒருநாள் எனக்குத் தலைக்குமேல் வேலை. அமெரிக்காக்காரர் ஒருவர், எங்கள் புது வாடிக்கையாளர், போனில் காத்திருந்தார். கன்னியப்பன் வந்து வாசலில் நின்றார்.

"எம் பேரு கீதாம்மா?"

"இருக்குதுங்க, பத்திரமா இருக்குது," என்றேன். தலையைக்கூடத் திருப்பவில்லை.

அவர் போகவில்லை.

"பாக்காமலே சொல்றியேம்மா," என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. அமெரிக்காக்காரரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவருடைய ஃபைலைத் தேட ஆரம்பித்தேன்.